உங்களுக்குத் தெரியுமா? திரையில் ஓடும் சரித்திரமும் சேதுக்கரையும்

● எத்தனை முறை போட்டாலும் வீடே உட்கார்ந்து பார்க்கும் காட்சி அது. ஜாக்சன் துரைக்கு எதிரே நின்று, வரி எதற்கு என்று சிவாஜி கணேசன் முழங்குவார். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படம் 1959 மே 16 அன்று வெளியானது. அந்தச் சந்திப்பு நிஜத்தில் எங்கே நடந்தது தெரியுமா? இராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் இராமலிங்க விலாசத்தில், 1798 செப்டம்பரில்.

படத்துக்கு மூலம் ஒரு நாடகம். சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் ஊர் ஊராக மேடையேற்றியது. நம் நாவில் நிற்கும் வசனம் எல்லாம் அவர் பேனாவில் பிறந்தவை. ஏடுகளில் இருக்கும் சந்திப்போ வேறு மாதிரி. குற்றாலத்துக்கு வரச் சொன்னார் கலெக்டர் ஜாக்சன். போனால் முகம் கொடுக்கவில்லை. அவர் போன ஊருக்கெல்லாம் பாளையக்காரரும் பின்னாலேயே போக வேண்டியிருந்தது. கடைசியில் இராமநாதபுரத்தில்தான் பேட்டி கிடைத்தது. அங்கேயும் உட்காரச் சொல்லவில்லை. கட்டபொம்மனும் அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணி நேரம் நின்றபடியே பதில் சொன்னார்கள். கணக்கைப் புரட்டிப் பார்த்தால் பாக்கி நின்றது 1080 வராகன். அவ்வளவுதான். வெளியே வரும்போது நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் செத்தார். கட்டபொம்மன் தப்பினார், தானாபதி பிடிபட்டார். விசாரணைக்குப் பிறகு ஜாக்சனின் பதவியும் போனது.

வசனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு தலைமுறைக்கே முதுகெலும்பு கொடுத்த வசனம் அது. ஆனால் அந்த மண்டபத்துக்குள் போய் நிற்கும்போது என் நெஞ்சில் தைப்பது அந்த மூன்று மணி நேரம்தான். கல்தூணும் இருக்கிறது, தரையும் இருக்கிறது. எந்த இடத்தில் நிற்க வைத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் கண் தேடுகிறது.

● சரி, இராமநாதபுரம் அரண்மனையில் கும்பினிக் கலெக்டர் எப்படித் தர்பார் நடத்தினார்? அரண்மனைக்கு உரியவர் எங்கே போனார்? மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பினியார் 1795லேயே பதவியிலிருந்து இறக்கித் திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்துவிட்டார்கள். பிறகு சென்னைக் கோட்டைக்கு மாற்றினார்கள். விடுதலையைக் காணாமலே 1809இல் அங்கேயே இறந்தார். கட்டபொம்மனை நிற்க வைத்த அந்த மண்டபத்துக்குச் சொந்தக்காரர் அப்போது கைதி. படம் பார்க்கிற பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். நம் ஊர் வரலாற்றறிஞர் எஸ். எம். கமால், ‘விடுதலைப் போரில் சேதுபதி மன்னர்’ என்று இவருக்காகவே ஒரு நூல் எழுதியிருக்கிறார். நூறு எபிசோடுக்குத் தாங்கும் வாழ்க்கை.

● அதே இராமலிங்க விலாசத்துச் சுவர்களைப் பாருங்கள். இராமாயணக் கதை கட்டம் கட்டமாகத் தீட்டப்பட்டிருக்கிறது, பக்கத்தில் தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறது. தஞ்சை மராட்டியரோடு சேதுபதி நடத்திய போர் ஒரு பக்கம், ஐரோப்பியர் வந்து மன்னரைக் காணும் காட்சி ஒரு பக்கம். 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியைச் சேர்ந்த ஓவியங்கள். தலைப்பாகை எப்படி, இடைக்கச்சு எப்படி, யானைமேல் அம்பாரி எப்படி என்று சரித்திரத் தொடருக்கு உடை தைப்பவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் சுவரிலேயே பதில் இருக்கிறது.

● கட்டபொம்மன் வெளியான மூன்றாம் நாள், 1959 மே 19 அன்று, கண்ணதாசன் தயாரித்து எழுதிய ‘சிவகங்கைச் சீமை’ வந்தது. மருது சகோதரர்களின் கதை. கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி, பழைய இராமநாதபுரம் மாவட்டம். 1985இல்தான் சிவகங்கை தனி மாவட்டமானது. தன் சொந்தச் சீமையைப் பற்றி ஒருவர் எடுத்த படம் என்று நினைத்துக்கொண்டு பாருங்கள், பாட்டு ஒவ்வொன்றும் வேறு மாதிரி கேட்கும்.

● கலைஞர் மு. கருணாநிதியின் ‘தென்பாண்டிச் சிங்கம்’ நாவலும் இதே சீமையின் கதைதான். நாயகன் பாகனேரி வாளுக்குவேலி அம்பலம். இது பின்னர் தொலைக்காட்சித் தொடராக வந்தது.

● அவருடைய ‘ரோமாபுரிப் பாண்டியன்’ கலைஞர் தொலைக்காட்சியில் தொடராக ஓடியது பலருக்கு நினைவிருக்கும். பெருவழுதிப் பாண்டியன், கரிகாலன், இருங்கோவேள் என்று விரியும் பெரிய நாவல். அந்த மரத்துக்கு விதை எவ்வளவு சிறியது தெரியுமா? கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ, அகஸ்டஸ் சீசருக்கு இந்தியாவிலிருந்து ஓர் அரசன் பரிசும் தூதும் அனுப்பினான் என்று போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. அனுப்பியவன் பாண்டியன் என்கிறார், போரஸ் என்று சொல்வோரும் உண்டு என்று அங்கேயே சேர்த்தும் வைக்கிறார். அந்த ஒற்றை வரியின் மேல் எழுந்தது ஒரு நாவல், நாவலின் மேல் ஒரு தொடர்.

அந்தக் காலத்துக் கப்பலை எப்படிக் காட்டுவது? இதற்கும் பதில் நம் கரையில் இருக்கிறது. வைகை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அழகன்குளம். அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 முதல் பல கட்டங்களாகத் தோண்டியது. ரோமானியக் காசுகள் கிடைத்தன, மேலைநாட்டு மது ஜாடித் துண்டுகள் கிடைத்தன. கூடவே ஒரு பானை ஓடு. அந்த ஓட்டில் ஒரு கப்பலைக் கீறி வைத்திருக்கிறார்கள். பாய்மரம், கயிறு எல்லாம் தெரிகிறது. மேலைக்கடலிலிருந்து வந்த பெருங்கப்பல் வகை அது என்பது ஆய்வாளர் கருத்து. கரையில் நின்றுகொண்டு, துறைக்கு வந்த கப்பலைப் பார்த்து, கையில் கிடைத்த கூர்முனையால் யாரோ கீறியிருக்கிறார்கள். ‘யவன ராணி’யையோ ‘ரோமாபுரிப் பாண்டிய’னையோ இனி யார் எடுத்தாலும் முதலில் அந்த ஓட்டைப் பார்த்துவிட்டுக் கப்பல் கட்டட்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

● நாட்டின் மிக உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் இராமேசுவரத்தில் நிற்கிறது. உயரம் 323 மீட்டர்.

● அது வருவதற்கு முன்னால் இந்தக் கரையில் பல வீடுகளுக்கு முதலில் படம் காட்டியது இலங்கை. ரூபவாகினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. வீட்டு மாடியில் இரும்புக் குழாயை நட்டு, ஆன்டெனாவைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். படம் தெளிவாக விழுந்ததும் மாடியிலிருப்பவருக்குக் கீழேயிருந்து ‘போதும், போதும்’ என்று குரல் போகும்.

● இனி ‘பொன்னியின் செல்வன்’. 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை கல்கி வார இதழில் கல்கி எழுதிய தொடர்கதை. மூன்றரை ஆண்டு. இன்றைய தொலைக்காட்சித் தொடர் ‘தொடரும்’ போட்டு நம்மை நிறுத்துகிற வித்தை, அந்த அத்தியாய முடிவுகளில் அன்றே இருக்கிறது. கதவு தட்டப்படும், குரல் கேட்கும், நிழல் தெரியும், அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும். கதையை முடித்த அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று கல்கி மறைந்தார். எழுதுவதற்கு முன் ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் போய் இடங்களைப் பார்த்தவர் அவர். அதனால்தான் அனுராதபுரத்து வீதியில் நம் கால் நடக்கிறது.

● நாவல் முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. குந்தவை என்ன ஆனாள், நந்தினி எங்கே போனாள் என்று கடிதமாக வந்து குவிய, கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது, பலர் படிப்பதில்லை. விட்ட இடத்திலிருந்து பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ அப்படி வந்தது.

● எங்கள் அப்பத்தாவிடம் ‘பொன்னியின் செல்வன்’ பழைய பைண்டு இருக்கிறது. கல்கியில் கதை மறுபடி வந்தபோது வாரா வாரம் பக்கத்தைப் பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்துக் கட்டியது. கடல் காற்றில் பின்கள் துருப்பிடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு காவிப் பொட்டு இருக்கும். பக்கத்தின் பின்புறம் தலைவலித் தைலம், சோப்பு, கடிகார விளம்பரம். மணிரத்னத்தின் படம் 2022 செப்டம்பர் 30இல் முதல் பாகமும் 2023 ஏப்ரல் 28இல் இரண்டாம் பாகமும் வந்ததே, அதைத் தொலைக்காட்சியில் போட்டபோது அப்பத்தாவை முன்வரிசையில் உட்கார வைத்தோம். கடம்பூர் மாளிகை வந்தது. “மணிமேகலை எங்கய்யா?” என்றார். இல்லை என்றேன். “கந்தமாறன் தங்கச்சி இல்லாம கடம்பூர் எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் அந்தக் காட்சியில் அவர் மனம் ஒட்டவில்லை.

அப்பத்தா சொன்னதில் நியாயம் உண்டு. நாவலின் பிற்பகுதியில் நம்மைக் கலங்கடிக்கிறவர்களில் மணிமேகலை முக்கியமானவள். ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்கும்போது ஆளைக் குறைக்காமல் முடியாது என்பதும் நியாயம்தான். இந்தக் கதைக்குப் பொருத்தமான வடிவம் நெடுந்தொடர் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். மணிமேகலைக்கு மட்டும் பத்து எபிசோடு கொடுக்கலாம்.

● படம் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு சேதி. பூத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதன் படத்தில் வந்து போகிறான். நாவலில் கடைசியில் சோழ சிம்மாசனம் ஏறுவது அவன்தான். செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் அவன் என்பது கல்கி மறைத்து வைத்திருந்த பெரிய முடிச்சு. மதுராந்தகனாக நாம் அதுவரை பார்த்தவன் வேறு ஒருவன். படத்தில் முடி சூட்டப்படுபவர் நாம் முதலிலிருந்து பார்க்கும் அதே மதுராந்தகர், ரகுமான் நடித்தவர். பூங்குழலி அரசியாகும் கதையும் இதோடு போய்விட்டது. ஓடக்காரப் பெண் பட்டத்து ராணியாவது எங்கள் கடற்கரைப் பெண்கள் ஆசை ஆசையாகச் சொல்லும் கட்டம்.

● வந்தியத்தேவன் கற்பனை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்று சொல்கிறது. ரவிதாசனும் கற்பனை இல்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டில், ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் பெயர் இருக்கிறது. நந்தினி, பூங்குழலி, ஊமை ராணி மூவரும் கல்கியின் படைப்பு. கதையைத் தூக்கி நிறுத்துவதும் அந்த மூவரே.

● ஜப்பானைப் பற்றி ஜேம்ஸ் கிளாவெல் 1975இல் எழுதிய ‘ஷோகன்’ இரண்டு முறை தொடராக வந்தது, 1980இலும் 2024லும். இரண்டாவது தொடர் ஒரே ஆண்டில் 18 எம்மி விருதுகளை அள்ளியது. கிளாவெல் ஒரு காரியம் செய்திருந்தார். தொகுகாவா இயயாசுவைத் தொரானாகா ஆக்கினார், வில்லியம் ஆடம்ஸை பிளாக்தார்ன் ஆக்கினார். வரலாற்று மனிதர்களின் பெயரை மாற்றிவிட்டதால், இது கதை என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். நம் எழுத்தாளர்கள் அருள்மொழிவர்மனை அருள்மொழிவர்மனாகவே உலவவிட்டார்கள். நந்தினியின் கோயில் எங்கே இருக்கிறது என்று தஞ்சாவூரில் விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அந்தப் பெயர்கள் செய்த வேலை அது.

● பகவான் கித்வானியின் நாவலை வைத்து எடுத்த ‘திப்பு சுல்தானின் வாள்’ 1990இல் தூர்தர்ஷனில் வந்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இது நாவலைத் தழுவிய கற்பனை என்று அறிவிப்புப் போட்டுத்தான் ஒளிபரப்ப வேண்டியிருந்தது. சரித்திரத் தொடர்களின் முகப்பில் இன்று ஓடும் பொடி எழுத்தைத் தாண்டிவிடாமல் ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள்.

● அகிலனுக்கு 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத்தந்த ‘வேங்கையின் மைந்தன்’ நாவலில் ஒரு மணிமுடியைத் தேடிப் போகிறார்கள். அந்த முடி நிஜமாகவே நம் கடலைத் தாண்டிப் போன முடி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழரிடம் தோற்ற இராசசிம்ம பாண்டியன், பரம்பரை முடியையும் ஆரத்தையும் எடுத்துக்கொண்டு இலங்கைக்கு ஓடினான். அங்கேயே விட்டுவிட்டுச் சேர நாடு போய்விட்டான். முதலாம் பராந்தகன் கேட்டுப் பார்த்தான், படை அனுப்பினான், கிடைக்கவில்லை. நூறு ஆண்டு கழித்து இராசேந்திரன்தான் மீட்டான். அவன் மெய்க்கீர்த்தியே அதைச் சொல்கிறது. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மேடையில் வந்தபோதும் அகிலனின் கதைக்கு உயிர், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கைக்கு வராத அந்த முடி.

● சு. வெங்கடேசனின் ‘வீரயுக நாயகன் வேள்பாரி’ 2016 முதல் 2018 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. படம் வரைந்தவர் மணியம் செல்வன், ‘பொன்னியின் செல்வ’னுக்கு வரைந்த மணியத்தின் மகன். பாரியின் கதைக்கு இராமநாதபுரத்திலும் வேர் உண்டு. சேது சமஸ்தானத்தில் இருந்த பெரும்புலவர் இருவரில் ரா. இராகவையங்கார் ‘பாரி காதை’ பாடினார், மு. இராகவையங்கார் ‘வேளிர் வரலாறு’ எழுதினார்.

● காற்று வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். இராமேசுவரத் தீவுக்கு வடக்கே அடங்கிக் கிடப்பது பெண் கடல், தெற்கே எழும்பி அடிப்பது ஆண் கடல். கல்கி ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்துக்கே ‘சுழற்காற்று’ என்று பெயர் வைத்தார். பாம்பனில் எனக்கு மாமா முறை ஒருவர், ஐம்பது ஆண்டு கடலுக்குப் போனவர். படத்தில் பூங்குழலி படகு வரும் காட்சியை என்னோடு பார்த்தார். “அழகா இருக்கு மாப்ள. ஆனா காத்து எந்தப் பக்கம்னு தெரியலையே” என்றார். நாவலிலிருந்து புயல் பகுதியைப் படித்துக் காட்டினேன். காற்று அசையாமல் நின்று, கடல் எண்ணெய் மாதிரி மழுங்கி, பிறகு சுழி பிடிக்கும் வரிசை அதில் இருக்கிறது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, “இவரு கடலுக்குப் போயிருக்காரா?” என்று கேட்டார்.

படத்தின் முதல் பாகம், கடலுக்கடியில் ஊமை ராணி நீந்தி வருவதோடு முடிகிறது. நாவலில் அந்தப் புயலுக்குள் படகைச் செலுத்தி வந்து அருள்மொழியையும் வந்தியத்தேவனையும் மீட்பவள் பூங்குழலி. இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்துக்கு ‘அபய கீதம்’ என்று பெயர்.

● ‘பொன்னியின் செல்வ’னில் இராமேசுவரம் வருகிறது, தெரியுமா? கோடிக்கரையை எல்லோரும் சொல்வார்கள், இதைச் சொல்வதில்லை. இரண்டாம் பாகத்தில் பத்தாம் அத்தியாயம், ‘அநிருத்தப் பிரமராயர்’. வந்தியத்தேவன் இலங்கைக் கரையில் இறங்கும் நேரத்தில், இங்கே இராமேசுவரத்தில் ஆழ்வார்க்கடியான் சைவர்களோடு வாதம் செய்துகொண்டிருக்கிறான். முதன்மந்திரி அநிருத்தரும் இந்தக் கரையில்தான் தங்கியிருக்கிறார். அடுத்த அத்தியாயத்தில் தெரிஞ்ச கைக்கோளப் படையார் அவரைத் தேடி வருகிறார்கள். அரசியல் சதுரங்கத்தில் ஒரு பெரிய நகர்வு நடப்பது நம் மணலில். படத்தில் ஜெயராமும் மோகன் ராமும் இந்தப் பாத்திரங்களைச் செய்தார்கள், ஆனால் இராமேசுவரக் காட்சிகள் அதில் இல்லை.

அப்பத்தாவுக்கு இப்போது கண் புரை. பைண்டை எடுத்து நான் வாசிக்கிறேன், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஓர் அத்தியாயம். இராமேசுவரம் வந்த இரவு மட்டும் மூன்று அத்தியாயம் படிக்க வைத்துவிட்டார். நேற்று இருபத்தைந்தாவது முடிந்தது, மாதோட்ட மாநகரத்தில் நிற்கிறோம்.